அந்த ரெண்டு ரூபாய் எங்கே போகிறது?
கடன் அட்டை, ஆண்டுக் கட்டணம், இலவசப் பயணம்: சில வரலாற்றுக் குறிப்புகள்

1

ஸ்ரீமுஷ்ணம் கடைத்தெருவில் என் சித்தப்பா ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஆணி, பெயிண்ட், பைப், முந்திரி சீசனில் சாக்கு, தார்ப்பாய். பெரிய கடை என்று சொல்ல முடியாது. கடன் நோட்டு மட்டும் பெரிசு. சில வருஷங்களுக்கு முன் விருத்தாசலத்திலிருந்து ஒரு பையன் கார்டு தேய்க்கிற மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான். ‘மெஷின் வச்சா யாவாரம் கூடுங்க’ என்று ஆரம்பித்து வாடகை, கமிஷன் எல்லாம் சொன்னான். கிரெடிட் கார்டாக இருந்தால் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு ரூபாய் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கணக்கில் போடுவார்களாம். சித்தப்பா கேட்டார்: ‘ஏம்பா, நான் நூறு ரூபாய்க்கு சரக்கு குடுக்குறேன், தொண்ணூத்தெட்டுதான் வருதுன்னா அந்த ரெண்டு ரூபா எங்க போவுது?’ ‘அது சர்வீஸ் சார்ஜுங்க’ என்றான் பையன். ‘சார்ஜு சரி, யாருக்கு?’ என்றார் சித்தப்பா. அதற்கு மேல் அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவும் மாட்டார்கள்.

அன்றைக்கு நானும் கடையில்தான் உட்கார்ந்திருந்தேன். என் சட்டைப் பையில் ஒரு கார்டு இருந்தது. சென்னையில் இருக்கும் நண்பர் ஒருவர் சொல்லி எடுத்தது. ஆண்டுக் கட்டணம் 5,000, அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆக 5,900 ரூபாய். சேர்ந்ததற்கு ‘வரவேற்பு’ப் புள்ளிகள் கொடுத்தார்கள். அதை வைத்து ஒரு கருத்தரங்குக்கு டில்லி போக டிக்கெட் போட்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் விமானப் பயணம், அதுவும் ‘இலவசமாக’. நண்பரோ மூன்று வருஷத்தில் ஏழு கார்டு எடுத்து நான்கை மூடியவர். எந்தக் கார்டுக்கு என்ன கட்டணம், எத்தனை புள்ளி, எந்தத் தேதியில் மூட வேண்டும் என்று கோடு போட்ட நோட்டில் கணக்கு வைத்திருக்கிறார். ‘இதுல ஏமாத்து ஒண்ணும் இல்லப்பா, கணக்குதான்’ என்பார்.

சித்தப்பாவின் கேள்வியும் நண்பரின் நோட்டும் ஒரே பணத்தின் இரண்டு முனைகள் என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நாள் ஆயிற்று. அந்த உறைப்பிலிருந்து எழுதப்படுவது இக்கட்டுரை. கட்டணத்தையும் வெகுமதியையும் தராசில் வைத்துப் பார்க்கிறவர்கள் இரண்டு தட்டுகளைத்தான் பார்க்கிறோம். தராசைப் பிடித்திருக்கும் கையின் வரலாறு என்ன என்பதே இங்கு கேள்வி.

2

கார்டுக்கு முன்னால் சீட்டைப் பற்றிப் பேசியாக வேண்டும். இன்னொருவர் பணத்தை முன்னதாக எடுத்துச் செலவழித்துப் பின்னால் கட்டுவது, அதற்கு ஒரு கமிஷன், சேர்ந்தவர்களுக்கு ஒரு ஆதாயம் என்கிற அமைப்பு நம்மூர்ப் பெண்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஏலச்சீட்டில் 20 பேர் சேர்ந்து ஆளுக்கு மாதம் 5,000 கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1 லட்சம். பணம் அவசரமாக வேண்டியவர் 20,000 தள்ளி 80,000-க்கு எடுக்கிறார். தள்ளிய 20,000-இல் சீட்டு நடத்துபவர் கமிஷன் 5,000 போக மீதி 15,000-ஐ 20 பேருக்கும் பிரித்தால் தலைக்கு 750. இதுதான் கசர். கமிஷன் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 1982-ஆம் ஆண்டின் மத்தியச் சீட்டு நிதிச் சட்டம் சொன்னது. 2019-இல் திருத்தி 7 சதவீதமாக உயர்த்தினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். 750 ரூபாய் ஆதாயம் யாருடைய நட்டத்திலிருந்து வருகிறது என்பது கூடத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். தள்ளி எடுத்த அக்கா எதிரிலேயே இருக்கிறாள். அவள் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறது, அல்லது அவள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவளுடைய அவசரம்தான் என்னுடைய கசர். இது தெரிந்திருப்பதால் சில சமயம் கூச்சம் வரும். ‘அவளுக்குப் போட்டியா கேக்காத, பாவம்’ என்று ஒரு குரல் எழும். சீட்டைப் புனிதப்படுத்துவது என் நோக்கமில்லை. பணத்தோடு ஓடிப்போனவர்கள் இல்லாத ஊர் எது? ஆனால் லாபத்துக்கும் நட்டத்துக்கும் நடுவில் சுவர் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாக வேண்டும்.

கடன் அட்டையின் வரலாறு என்பது அந்தச் சுவரைக் கட்டிய வரலாறு என்றே எனக்குத் தோன்றுகிறது.

3

1950-இல் நியூயார்க்கில் பிராங்க் மெக்னமாரா என்பவர் டைனர்ஸ் கிளப்பைத் தொடங்கினார். ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் பர்ஸை மறந்துவிட்டதைக் கவனித்தார், அந்த அவமானத்திலிருந்து கார்டு பிறந்தது என்று ஒரு கதை உலகம் முழுக்கச் சொல்லப்படுகிறது. விளம்பரத்துக்காகச் செய்த கதை என்று பின்னாளில் சொன்னவர்களும் உண்டு. கதையை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்க்கலாம். தொடக்க காலத்தில் உறுப்பினரிடம் ஆண்டுக்கு 3 டாலர். ஓட்டல்காரரிடம் ஒவ்வொரு பில்லிலும் 7 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்குள் பின்னால் வந்த எல்லாமே அடங்கியிருக்கிறது. சாப்பிட்டவர் கையில் தெரிகிற மாதிரி கட்டுவது சின்னத் தொகை. தெரியாத மாதிரி போவது பெரிய தொகை. ஓட்டல்காரர் அந்த 7 சதவீதத்தைத் தன் வீட்டிலிருந்தா கொண்டுவருவார்? தோசை விலையில் ஏற்றுவார். ரொக்கம் கொடுத்துச் சாப்பிடுகிற பக்கத்து மேஜைக்காரருக்கும் அதே விலைதான். கார்டு நீட்டுபவரிடம் கூடுதலாகக் கேட்கக் கூடாது என்பது கார்டுக் கம்பெனிகள் கடைக்காரரோடு போட்ட ஒப்பந்தங்களில் நெடுங்காலம் இருந்துவந்த நிபந்தனை. சுவரின் முதல் செங்கல் இது.

1958-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தன் கார்டைக் கொண்டுவந்தது. பயணக் காசோலையில் அரை நூற்றாண்டுக்கு மேல் பழக்கப்பட்ட கம்பெனி. அப்போது டைனர்ஸின் ஆண்டுக் கட்டணம் 5 டாலர் ஆகியிருந்தது. இவர்கள் 6 டாலர் வைத்தார்கள். சந்தையில் புதிதாக நுழைகிறவன் விலையைக் குறைப்பான் என்பதுதானே பொருளாதாரப் பாடம்? இவர்கள் வேண்டுமென்றே ஒரு டாலர் கூட்டினார்கள். கூடுதல் கட்டணமே ஒரு மரியாதை.

நமக்கு இது புரியாத விஷயமில்லை. கோவில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு மண்டகப்படி. வருஷா வருஷம் பணம் கட்டுகிற வகையறாவுக்குப் பரிவட்டம், முதல் பிரசாதம். கட்டிய காசுக்கும் வாங்கிய பிரசாதத்துக்கும் விலைப்பொருத்தம் பார்த்தால் நட்டம்தான். ஆனால் வாங்குவது பிரசாதத்தை இல்லையே. முதலில் வாங்குவதை அல்லவா வாங்குகிறார்கள். அந்த முதலுக்கு மதிப்பு வருவது வரிசையில் பின்னால் நிற்கிறவர்களாலும், வரிசையிலேயே நிற்க விடப்படாதவர்களாலும். மண்டகப்படி உரிமைக்காக நடந்த சாதிச் சண்டைகளை அறிந்தவர்கள், விமான நிலையத்தில் கார்டு காட்டி நுழைகிற ஓய்வறையின் கண்ணாடிக் கதவைப் பார்த்தால் பழகிய எதையோ பார்ப்பதாக உணர்வார்கள். 1984-இல் அதே கம்பெனி ‘பிளாட்டினம்’ என்று அழைப்பின் பேரில் மட்டும் கொடுத்த கார்டுக்கு 250 டாலர் கட்டணம் வைத்தது.

இதற்கு நடுவில் வங்கிகள் உள்ளே வந்தன. 1958 செப்டம்பரில் பாங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்தில் கேட்காதவர்களுக்கெல்லாம் தபாலில் 60,000 கார்டுகளை அனுப்பியது. ஆண்டுக் கட்டணம் கிடையாது. வருமானம் வட்டியில். முழுத் தொகையைக் கட்ட முடியாதவர்தான் இங்கே நல்ல வாடிக்கையாளர். 1980-இல் கார்ட்டர் அரசு கடன் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தபோது அதையே காரணமாக வைத்து அமெரிக்க வங்கிகள் ஆண்டுக் கட்டணம் வாங்கத் தொடங்கின. கட்டுப்பாடு சில மாதங்களில் போய்விட்டது. கட்டணம் மட்டும் நின்றுவிட்டது.

கட்டணம் கேட்டால் பதிலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே. அங்கேதான் விமானம் வருகிறது. 1978-இல் அமெரிக்க விமானத் துறையில் அரசுக் கட்டுப்பாடு நீங்கியது. போட்டி கூடியது. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அடிக்கடி பறப்பவர்களுக்கு மைல் கணக்கு வைக்க ஆரம்பித்தது. காலி இருக்கையை இலவசமாகக் கொடுப்பதில் கம்பெனிக்குச் செலவு குறைவு. 1987-இல் சிட்டி வங்கியோடு சேர்ந்து ஒரு கார்டு வெளியிட்டார்கள். பறக்காமலேயே மைல் சேரலாம். மளிகை வாங்கினாலும் மைல், மருந்து வாங்கினாலும் மைல். பயணத்துக்கும் மைலுக்கும் இருந்த உறவு அறுந்து, மைல் என்பது வங்கி விமானக் கம்பெனியிடம் மொத்தமாக வாங்கிச் சில்லறையாகக் கொடுக்கிற ஒரு சரக்கானது. 2020-இல் கொரோனா காலத்தில் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தை ஈடு வைத்துக் கடன் வாங்கியபோது, அந்தத் திட்டத்துக்குப் போடப்பட்ட மதிப்பு கம்பெனியின் பங்குச்சந்தை மதிப்பைவிட அதிகமாக இருந்தது. விமானங்களைவிட மைல் பெரிசு. மனிதர்களுக்கு இடையிலான உறவு பொருள்களுக்கு இடையிலான உறவாக வேடம் போடும் என்று 1867-இல் ‘மூலதனம்’ எழுதியவர் இதைப் பார்த்திருந்தால் உதாரணத்துக்கு மேஜையைத் தேடிப் போயிருக்க மாட்டார்.

4

இந்தியாவில் டைனர்ஸ் கிளப் 1961-இல் காளி மோடி மூலமாக வந்தது. பெருநகர ஓட்டல்களையும் கம்பெனி அதிகாரிகளையும் தாண்டவில்லை. 1980-இல் சென்ட்ரல் வங்கியும் அடுத்த ஆண்டில் ஆந்திரா வங்கியும் கார்டு கொடுத்தன. அப்போது அது பொதுத்துறையின் நவீனத்துவ அடையாளம். 1990-இல் சிட்டி வங்கி இறங்கியது. அடுத்த வருஷம் புதிய பொருளாதாரக் கொள்கை. 1998-இல் ஸ்டேட் வங்கி ஜி.இ. கேப்பிட்டலோடு சேர்ந்து கார்டுக் கம்பெனி தொடங்கியது. தெருமுனையில் மேஜை போட்டு ‘சார், லைஃப்டைம் ஃப்ரீ’ என்று கூவுகிற காலம் பின்னாலேயே வந்தது.

அதே 1998-இல் இன்னொரு கார்டும் வந்தது. ஆர்.வி. குப்தா குழுவின் பரிந்துரையில் நபார்டு வடிவமைத்த கிசான் கடன் அட்டை. ஸ்ரீமுஷ்ணம் வட்டாரத்தில் ‘கார்டு’ என்றால் நெடுநாள் வரை இதுதான். பயிர்க்கடனுக்கு 7 சதவீத வட்டி, கெடு தப்பாமல் கட்டினால் மானியம் போக 4 சதவீதம். வரவேற்புப் புள்ளி கிடையாது, ஓய்வறை கிடையாது. சிட்டா, அடங்கல், வி.ஏ.ஓ. கையெழுத்து என்று நடக்கிற நடைதான் பயணம். பட்டா இல்லாத குத்தகைக்காரருக்கு நடைமுறையில் இதுவும் எளிதில் கிடைப்பதில்லை. ஒரே சொல், ஒரே வருஷம், இரண்டு உலகங்கள். ஒன்றில் சரியாகக் கட்டுகிறவருக்கு அரசு வட்டியைக் குறைக்கிறது. மற்றதில் சரியாகக் கட்டுகிறவருக்கு யாரோ விமான டிக்கெட் கொடுக்கிறார்கள். அந்த யாரோ யார் என்பதுதான் இன்னும் பாக்கி.

2024 தொடக்கத்தில் இந்தியாவில் புழங்கும் கடன் அட்டைகள் 10 கோடியைத் தாண்டின. ஒருவரே பல கார்டு வைத்திருப்பதால் ஆட்கள் இதைவிடக் குறைவு. 140 கோடிப் பேர் உள்ள நாட்டில் இது இன்னமும் ஒரு மண்டகப்படிதான்.

5

இனி நண்பரின் நோட்டைத் திறக்கலாம். கணக்கைக் கேலி செய்துவிட்டுப் போவது சுலபம். போட்டுப் பார்ப்பதுதான் நேர்மை.

என் கார்டையே எடுத்துக்கொள்கிறேன். செலவு 5,900. மூன்று மாதத்தில் 1,50,000 ரூபாய்க்குச் செலவழித்தால் 15,000 புள்ளி. ஒரு புள்ளி என்ன மதிப்பு? வங்கி சொல்கிற மதிப்பைப் பார்க்கக் கூடாது. நாம் வாங்குகிற டிக்கெட்டைத்தான் பார்க்க வேண்டும். காசு கொடுத்தால் 7,200 ஆகிற டிக்கெட்டை 9,000 புள்ளியும் வரிகளுக்கு 1,200 ரூபாயும் கொடுத்து வாங்கினால், 7,200-இல் 1,200 போக 6,000. அதை 9,000-ஆல் வகுத்தால் புள்ளிக்கு 67 பைசா. ஆக 15,000 புள்ளி ஏறக்குறைய 10,000 ரூபாய். கட்டணம் போக 4,100 லாபம். இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். கட்டணமே இல்லாத, நூற்றுக்கு ஒரு ரூபாய் திரும்பத் தருகிற கார்டில் அதே 1,50,000-ஐச் செலவழித்திருந்தால் 1,500 வந்திருக்கும். அதையும் கழித்தால் உண்மையான லாபம் 2,600.

இரண்டாம் வருஷம் வரவேற்பு கிடையாது. 3 லட்சம் செலவழித்து நூற்றுக்கு 2 புள்ளி வீதம் 6,000 புள்ளி வந்தால் 4,000 ரூபாய். கட்டணம் 5,900. நட்டம் 1,900. எனவே பதினோராம் மாதத்தில் மூடு, வேறு கார்டு எடு. மீண்டும் மீண்டும் கார்டு எடுக்கிற பழக்கம் பேராசையிலிருந்து பிறப்பதில்லை; வகுத்தல் கணக்கிலிருந்து பிறக்கிறது. முதல் வருஷத்தில் மட்டும் தராசு நம் பக்கம் சாயும்படி வைத்தது வங்கி. முதல் வருஷத்திலேயே வாழ்ந்துவிடலாம் என்று கண்டுபிடித்தவர்கள் இவர்கள்.

இதில் சில வீரகாவியங்களும் உண்டு. 1999-இல் டேவிட் பிலிப்ஸ் என்ற அமெரிக்கர் ஏறக்குறைய 3,000 டாலருக்கு 12,000-க்கும் மேற்பட்ட புட்டிங் கிண்ணங்களை வாங்கி, லேபிள்களைக் கிழித்து அனுப்பி 12 லட்சத்துக்கு மேல் மைல் சேர்த்தார். 2008-இல் அமெரிக்க நாணயச்சாலை ஒரு டாலர் காசுகளைப் புழக்கத்தில் விட ஆசைப்பட்டு, தபால் செலவில்லாமல் முகப்பு விலைக்கே விற்றது. கார்டில் வாங்கினார்கள், காசு மூட்டையை அப்படியே வங்கியில் கட்டினார்கள், மைலை எடுத்துக்கொண்டார்கள். 2011-இல் கார்டு விற்பனையை நிறுத்தும் வரை இது நடந்தது. பணத்தைப் பணத்தால் வாங்கி அதில் ஒரு பயணம்! நம் ஊரிலும் நண்பருக்கு ‘வாடகை’ என்று கார்டில் அனுப்பி, அவர் திருப்பிப் போடுகிற பழக்கம் வந்தது. 2022 கடைசியிலிருந்து வங்கிகள் வாடகைக்கு 1 சதவீதக் கட்டணம் போட ஆரம்பித்தன.

ஆட்டத்தின் விதியை எழுதுகிறவர் ஒருவரே என்பதை இவை காட்டுகின்றன. அமெரிக்காவில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் ஒரு கார்டுக்கு வாழ்நாளில் ஒரு முறைதான் வரவேற்பு என்றது. சேஸ் வங்கி 24 மாதத்தில் 5 புதுக் கார்டு எடுத்தவருக்குக் கதவைச் சாத்தியது. இங்கே 2023 செப்டம்பர் முதல் ஆக்சிஸ் வங்கி மேக்னஸ் கார்டின் கட்டணத்தை 10,000-இலிருந்து 12,500 ஆக்கி, மாதம் 1 லட்சம் செலவழித்தால் கொடுத்துவந்த 25,000 புள்ளியை நிறுத்தியது. சேர்த்துவைத்த புள்ளி, வெளியிட்டவர் நினைத்த அன்று தேய்கிற நாணயம். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-இல் பறப்பதை நிறுத்தியபோது அந்த மைல்களின் பேரே மாறிப்போயிற்று. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவுக்குள் கரைந்தது. கட்டணம் ரூபாயில், இன்றைக்கே. வெகுமதி இன்னொருவர் அச்சடித்த காகிதத்தில், நாளைக்கு.

நோட்டில் எழுதாத செலவுகளும் உண்டு. 40,000 சம்பளக்காரர் மூன்று மாதத்தில் 1,50,000 செலவு காட்ட என்ன செய்வார்? அடுத்த வருஷ இன்சூரன்ஸை இப்போதே கட்டுவார். அக்காள் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டிப் பணமாக வாங்கிக்கொள்வார். கடைசியில் ஒரு போன் வாங்குவார். அந்தப் போனிலேயே லாபம் போய்விடும். ஒரு மாதம் தவறி 40,000 பாக்கி நின்றால், மாதம் 3.75 சதவீதத்தில் 1,500 வட்டி, அதற்கு ஜிஎஸ்டி 270. இரண்டே மாதத்தில் 3,540. ஒரு வருஷ சாமர்த்தியத்தின் 2,600 எங்கே? ஒவ்வொரு விண்ணப்பமும் சிபில் பதிவில் ஒரு கீறல். வீட்டுக்கடன் கேட்கும்போது அது பேசும்.

முழுத் தொகையும் தேதி தவறாமல் கட்டக் கூடியவர், எப்படியும் செய்யப்போகிற செலவு கையில் உள்ளவர், உண்மையில் பயணம் போகிறவர் — இவர்களுக்கு முதல் வருஷக் கணக்கு லாபம்தான், பொய் சொல்ல வேண்டாம். சம்பளம் ஒன்றாம் தேதி வருகிறவருக்கு மட்டுமே பலிக்கிற சாமர்த்தியம் இது.

6

அந்த 2,600-ஐ யார் கொடுத்தார்கள்? வங்கிக்கு மூன்று வாய்க்கால்களில் தண்ணீர் வருகிறது. ஆண்டுக் கட்டணம் ஒன்று. கடைக்காரரிடம் பிடிக்கிற இரண்டு ரூபாய் இன்னொன்று. அதில் மெஷின் வைத்தவருக்கும் விசா, மாஸ்டர்கார்டு போன்றவர்களுக்கும் போக, பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குத்தான். சித்தப்பாவின் கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. மூன்றாவது, கட்ட முடியாதவரின் வட்டி.

இரண்டாம் வாய்க்காலைப் பற்றி 2010-இல் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் மூவர் அமெரிக்கக் கணக்கு ஒன்றைப் போட்டார்கள். ரொக்கம் கொடுத்து வாங்குகிற குடும்பம் ஒவ்வொன்றும் ஆண்டுக்குச் சராசரியாக 149 டாலர் இழக்கிறது. கார்டு பயன்படுத்தும் குடும்பம் 1,133 டாலர் பெறுகிறது. ஆண்டு வருமானம் 20,000 டாலருக்குள் உள்ளவர்கள் 21 டாலர் கொடுக்கிறார்கள். 1,50,000-க்கு மேல் உள்ளவர்கள் 750 டாலர் வாங்குகிறார்கள். யாரும் திட்டமிட்டுப் போட்ட வரி இல்லை. ஆனால் வரியின் வேலையைத் தலைகீழாகச் செய்கிறது.

மூன்றாம் வாய்க்காலின் கதை நம் நீதிமன்றங்களில் கிடக்கிறது. கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் 20-இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. கந்துவட்டிக்கு எதிராக 2003-இல் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. கடைத்தெருவில் வண்டியில் வந்து வசூலிக்கிறவனின் வட்டியைக் கந்துவட்டி என்கிறோம். பிளாஸ்டிக் அட்டையில் வந்தால் நிதிக் கட்டணம் என்கிறோம். சொல் மாறினால் சட்டமும் மாறிவிடுகிறது.

இப்போது சீட்டுக் கூடத்துக்குத் திரும்பலாம். கார்டிலும் நடப்பது அதுவேதான்: ஒருவரின் அவசரம் இன்னொருவரின் கசர். வட்டி கட்டுகிற அக்கா இங்கேயும் இருக்கிறாள். எதிரில் இல்லை, அவ்வளவுதான். அவளையும், ரொக்கம் கொடுத்து ஆணி வாங்குகிற கொத்தனாரையும் பார்க்காமலிருக்க நமக்குக் கொடுக்கப்பட்ட திரையின் பெயர் ‘புள்ளி’. பணமாகக் கொடுத்தால் யாருடைய பணம் என்று கேள்வி வரும். மைலாகக் கொடுத்தால் வானம்தான் தெரியும்.

7

எழுதிக்கொண்டிருக்கும்போதே என் கார்டுக்கு அடுத்த ஆண்டுக் கட்டணத் தேதி நெருங்கிவிட்டது. மூடுவதற்கு எழுதிக் கொடுத்தால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி எனக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. மூடிவிடப் போகிறேன். ஆனால் மூடுவதால் என் கை சுத்தமாகிவிடும் என்று நினைத்தால் அது இன்னொரு பாவனை. நான் எடுக்காத டிக்கெட்டை வேறொருவர் எடுப்பார். சித்தப்பா கடையில் பிடிக்கிற இரண்டு ரூபாய் அப்படியேதான் இருக்கும். நண்பரைக் குற்றவாளியாக்குவதிலும் எனக்குச் சம்மதமில்லை. வங்கியின் கணக்கை வங்கியிடமே திருப்பிப் போட்டவர் அவர். அவ்வளவில் கொஞ்சம் பாராட்டக்கூட வேண்டும். அவர் ஜெயித்தது வங்கியை என்று நம்புவதில்தான் தவறு. வங்கி தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் அவரை ஜெயிக்க விட்டது.

தனிமனித ஒழுக்கத்தால் தீர்க்க முடியாததைச் சட்டம் செய்திருக்கிறது, வேறு நாடுகளில். 2003-இல் ஆஸ்திரேலியா, கார்டு கொடுக்கும் வங்கிக்குப் போகும் பங்குக்குச் சராசரி ஏறக்குறைய அரை சதவீதம் என்று எல்லை வைத்தது. புள்ளிகள் மெலிந்தன. 2015-இல் ஐரோப்பிய ஒன்றியம் கடன் அட்டைக்கு 0.3 சதவீதம் என்றது. இங்கே டெபிட் கார்டுக்கு 2012 முதல் உச்சவரம்பு உண்டு. 2020 ஜனவரியிலிருந்து ரூபே டெபிட் கார்டுக்கும் யூபிஐக்கும் கடைக்காரர் எதுவும் தர வேண்டியதில்லை. கடன் அட்டைக்கு மட்டும் அப்படியொரு எல்லை வைக்கப்படவில்லை. மண்டகப்படிக்காரர்கள் யாரும் அதைக் கேட்கப் போவதில்லை. கேட்க வேண்டியவர்கள் வணிகர் சங்கங்களும், நுகர்வோர் அமைப்புகளும், இலவசத்தின் விலையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கும் நாமும்.

சித்தப்பா மெஷின் வைக்கவில்லை. கியூஆர் அட்டைதான் தொங்குகிறது. டில்லியிலிருந்து வந்ததும் இந்தக் கணக்கையெல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ‘அப்ப நீ டில்லி போனது நம்ம கடை மாதிரி கடைங்க காசுல’ என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு கடன் நோட்டை எடுத்து, யார் யார் எவ்வளவு பாக்கி என்று பார்க்க ஆரம்பித்தார். அந்த நோட்டில் ஒவ்வொரு கணக்குக்கும் மேலே ஒரு பெயர் இருக்கிறது.